பித்தப்பைக் கல் ஆபரேஷன்: துவாரம் சின்னது, வலி எப்படி?



தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களில் பலர் இப்போது ஒரு ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, பித்தப்பையில் கல்லாம். ஆபரேஷன் செய்யணுமாம். செய்துகொள்ளலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். இவர்களிடம் இரண்டு விதமான எண்ணங்களைக் காண்கிறேன். ஒரு சாரார், "வயிற்றைக் கிழித்துவிட்டால் அப்புறம் வேலைக்கே லாயக்கில்லை, வலி உயிரை எடுத்துவிடும்" என்று பயந்து, வருஷக் கணக்கில் ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறார்கள். இன்னொரு சாரார், "இப்போதெல்லாம் சின்னத் துவாரம்தான், வலியே கிடையாது" என்று நினைத்துப் போய், மறுநாள் தோள்பட்டை வலித்ததும் நெஞ்சு வலி வந்துவிட்டதென்று அலறுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும், "இத்துனூண்டு ஓட்டைக்கா இப்படி முனகுறே?" என்று வீட்டார் சொல்லுவதைக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு வலியைச் சகிக்கிறவர்களும் உண்டு.

இரண்டு எண்ணமும் சரியல்ல. துவார ஆபரேஷனுக்குப் பிறகு வலி இருக்கும். ஆனால் அது அடக்கக்கூடிய வலி. அதை அடக்குவதற்கு இன்று கையாளப்படும் வழிகளில் முக்கியமானது, ஆபரேஷன் நடக்கும்போதே அந்த இடத்தில் நேராகச் செலுத்தும் மரப்பு மருந்து. இந்தப் பாடத்தில் அதைப் பற்றித்தான் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

பித்தப்பை என்பது என்ன?

நமது வலது பக்க விலா எலும்புகளுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. ஏறக்குறைய 7 முதல் 10 செண்டிமீட்டர் நீளம். கல்லீரல் சுரக்கும் பித்த நீரை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் எண்ணெய், கொழுப்பு கலந்த சாப்பாடு சாப்பிடும்போது பிழிந்து குடலுக்கு அனுப்புவது இதன் வேலை.

பித்த நீரில் உள்ள கொழுப்புச் சத்து கட்டியாக உறைந்தால் கல் உண்டாகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் பல பிள்ளை பெற்றவர்களுக்கும், உடம்பு கனத்தவர்களுக்கும், வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. கல் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை.

ஆனால் கல் பையின் வாயில் போய் அடைத்துக்கொண்டால் வலி தொடங்கிவிடும். கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ கறியும் நெய்யுமாகச் சாப்பிட்ட இரவில், மேல் வயிற்றில் வலது பக்கம் பிடித்து, முதுகுக்கும் வலது தோள் எலும்புக்கும் பாயும் வலி இது. நம்மவர்கள் இதை "காஸ்ட்ரிக்" என்றும் "வாயுப் பிடிப்பு" என்றும் சொல்லி, சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இப்படியே விட்டால், பை சீழ் பிடிக்கலாம். கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலையும் குளிர் காய்ச்சலும் வரலாம். கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வலிக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறவர்கள் இதைவிடப் பெரிய வலிக்கும், அவசர ஆபரேஷனுக்கும் ஆளாகக்கூடும் என்பதை மறக்கக்கூடாது.

பித்தப்பை இல்லாமல் மனிதன் வாழலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாழலாம். பை போனாலும் கல்லீரல் பித்த நீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது நேராகக் குடலுக்குப் போய்விடும்.

பெரிய வெட்டிலிருந்து சின்னத் துவாரத்துக்கு

பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் முதன்முதலில் 1882-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற டாக்டரால் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு நூறு வருஷ காலம், விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளம் வெட்டித்தான் எடுத்தார்கள். நம் பாட்டிமார் வயிற்றில் பார்த்த அந்த நீளத் தழும்பு அதுதான். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற டாக்டர் குழாய் வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1987-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிலிப் மூரே என்ற டாக்டரும் செய்தார். அதன் பிறகு சில வருஷங்களிலேயே உலகம் முழுதும் இந்த முறை பரவிவிட்டது.

ஆபரேஷன் இப்படி நடக்கும். முதலில் முழு மயக்கம் கொடுப்பார்கள். தொப்புள் பக்கத்தில் ஒரு துவாரம், மேல் வயிற்றில் மூன்று துவாரம், ஆக நான்கு துவாரங்கள் போடுவது வழக்கம். ஒவ்வொன்றும் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவு. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, கூடாரம் போலத் தூக்கி இடம் உண்டாக்குவார்கள். ஒரு துவாரத்தில் காமிரா. மற்றவற்றில் நீளமான கருவிகள். டெலிவிஷன் திரையைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையின் குழாயையும் இரத்த நாளத்தையும் கிளிப் போட்டு அடைத்து, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, ஒரு துவாரம் வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். வாயுவையும் வெளியேற்றிவிட்டுத் தையல் போடுவார்கள். பலர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

சில பேருக்கு உள்ளே வீக்கமும் ஒட்டுதலும் அதிகமாக இருந்தால், டாக்டர் துவார முறையை நிறுத்திவிட்டுப் பழைய முறைப்படி திறந்து எடுக்க நேரிடும். இதை ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணக்கூடாது. நோயாளியின் பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு அது. அப்போது வலியும் கூடுதலாக இருக்கும், ஆஸ்பத்திரியில் தங்கும் நாளும் கூடும்.

வலி ஒன்றல்ல, மூன்று

துவார ஆபரேஷனுக்குப் பின் வரும் வலியை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, துவாரம் போட்ட இடத்து வலி. தோலும் சதையும் குத்தப்பட்டதால் வருவது. இருமினால், சிரித்தால், எழுந்து உட்கார்ந்தால் சுருக்கென்று இருக்கும். பித்தப்பையை வெளியே இழுத்த துவாரத்தில், பெரும்பாலும் தொப்புளில், இது கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது, உள் வலி. பையைப் பிரித்து எடுத்த இடம் ரணமாக இருப்பதால், மேல் வயிற்றுக்குள் மந்தமாக, இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி வலிக்கும். குமட்டலும் சேர்ந்து வரலாம். முதல் 24 மணி நேரத்தில்தான் இது அதிகம்.

மூன்றாவது, தோள்பட்டை வலி. இதுதான் நம் மக்களைப் பயமுறுத்துவது. "வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்குது? படுக்கையில் எங்காவது இடித்துவிட்டார்களா?" என்று கேட்கிறார்கள். யாரும் இடிக்கவில்லை. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உதரவிதானம் என்ற சதைத் திரை இருக்கிறது. வயிற்றுக்குள் விட்ட வாயு அந்தத் திரையை நீட்டி இழுத்து எரிச்சல் உண்டாக்கும். அந்தத் திரைக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. தோள்பட்டைக்குப் போகும் நரம்புகளும் கழுத்தில் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். மேட்டு லயத்திலிருந்தும் பள்ளத்து லயத்திலிருந்தும் ஆபீசுக்குச் சேதி கொண்டுபோக ஒரே பையன்தான் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்நாளும் மேட்டு லயத்துச் சேதியையே கொண்டு வருகிற பையன், ஒருநாள் பள்ளத்து லயத்துச் சேதியோடு ஓடி வந்தால், கிராணியார் என்ன நினைப்பார்? மேட்டு லயத்தில்தான் ஏதோ தகராறு என்று நினைப்பார். அதுபோலத்தான் மூளையும். உதரவிதானத்துச் சேதியைத் தோள்பட்டைச் சேதி என்று எடுத்துக்கொள்கிறது. வாயுவை உடம்பு மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் இந்த வலி தணிந்துவிடும்.

மரப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது?

பல் பிடுங்கியவர்களுக்கு மரப்பு ஊசி தெரியும். அரிவாள் வெட்டுக்கு டிஸ்பென்சரியில் தையல் போடும்போது நாங்கள் போடும் ஊசியும் அதே இனம்தான். நரம்பு என்பது கம்பி மாதிரி. அடிபட்ட இடத்துச் சேதியை மூளைக்குக் கொண்டுபோகிறது. நரம்பின் சவ்விலுள்ள நுண்ணிய வாசல்கள் வழியாக உப்புச் சத்து உள்ளே நுழைந்தால்தான் சேதி ஓடும். மரப்பு மருந்து அந்த வாசலை அடைத்துவிடுகிறது. வாசல் அடைத்திருக்கும் வரை சேதி போகாது. மருந்து கரைந்து போனதும் வாசல் திறந்துகொள்ளும். நரம்புக்குச் சேதம் ஒன்றும் இல்லை.

1884-ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற டாக்டர் கண் ஆபரேஷனுக்குக் கொக்கெயின் சொட்டு விட்டு மரக்கச் செய்தார். அந்த மருந்து போதைக்கு அடிமையாக்கும் என்பதால் அதற்கு மாற்றுத் தேடினார்கள். 1943-இல் சுவீடன் நாட்டில் லிக்னோகெயின் உண்டாக்கப்பட்டது. நாங்கள் தையலுக்குப் போடுவது இதைத்தான். ஒன்று இரண்டு மணி நேரம் தாங்கும். 1957-இல் அதே சுவீடனில் பியூபிவாகெயின் வந்தது. இது நீண்ட நேரம், சாதாரணமாக 4 முதல் 8 மணி நேரம் வரை தாங்கும். ஆகையால் ஆபரேஷன் வலிக்கு இதையோ, இதன் இனத்தைச் சேர்ந்த ரோபிவாகெயின், லெவோபியூபிவாகெயின் போன்றவற்றையோ உபயோகிக்கிறார்கள்.

பித்தப்பை ஆபரேஷனில் இதைச் செலுத்தும் வழிகள் மூன்று.

1. துவாரம் போடும் இடங்களில் தோலிலிருந்து உள் சவ்வு வரை ஊசியால் செலுத்துவது. இது சுலபம், செலவும் குறைவு. துவார வலிக்கு நல்ல பலன் தரும்.

2. வயிற்றுக்குள்ளேயே, உதரவிதானத்துக்குக் கீழும் பித்தப்பை இருந்த இடத்திலும் மருந்தைத் தெளிப்பது. உள் வலியும் தோள்பட்டை வலியும் ஓரளவு குறையும். பலன் முதல் சில மணி நேரத்துக்குத்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது.

3. வயிற்றுச் சுவரின் சதை அடுக்குகளுக்கு நடுவே ஓடும் நரம்புகளைச் சுற்றி, மயக்க மருந்து டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி போடுவது. வயிற்றுச் சுவர் முழுதும் மரத்துப் போகும். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாருக்கும் இது தேவைப்படுவதில்லை.

இதனோடு, வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதும், கடைசியில் வாயுவை நன்றாக வெளியேற்றுவதும் தோள்பட்டை வலியைக் குறைக்கும்.

"அப்படியானால் நிறைய மருந்தை ஊற்றிவிட்டால் வலியே இருக்காதே?" என்று கேட்கலாம். அங்கேதான் அளவு வருகிறது. பியூபிவாகெயினைச் சாதாரணமாக உடம்பின் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் வைத்துக்கொள்வார்கள். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 100 மில்லிகிராம். அரை சதவீத மருந்தில் ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் இருக்கும். எனவே அவருக்கு 20 மில்லிலிட்டர்தான் எல்லை. துவாரத்தில் போட்டதையும் வயிற்றுக்குள் தெளித்ததையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு. எல்லை மீறி இரத்தத்தில் கலந்தால் வாயைச் சுற்றி மரத்தல், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், வலிப்பு, இருதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை வரலாம். இது அபூர்வம். வந்தாலும் அதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் ஆபரேஷனுக்கு முன் உங்கள் சரியான எடையையும், இருதய நோய், கல்லீரல் நோய் இருந்தால் அதையும், முன்பு பல்லுக்குப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டியதன் காரணம் இதுதான்.

மரப்பு இறங்கும் நேரம்

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 10 மணிக்கு ஆபரேஷன் முடிந்தது என்று வையுங்கள். விழித்துப் பார்த்தால் வலி அதிகம் இல்லை. நர்சு மாத்திரை கொண்டு வருகிறார். "எனக்கு ஒன்னும் வலி இல்லைங்க, வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார் நோயாளி. மாலை வரை சுகம். மருந்து இறங்க இறங்க வலி ஏறுகிறது. இரவு எட்டு மணிக்குத் தாங்க முடியவில்லை. அப்போது மாத்திரை விழுங்கினால் அது வேலை செய்ய அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். ஏறிவிட்ட வலியை இறக்குவது கஷ்டம். "மரப்பு ஊசி சரியில்லை" என்று பழி விழுகிறது. ஊசி தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அடுத்த காவல்காரன் வருவதற்கு முன் முதல் காவல்காரன் போய்விட்டான், அவ்வளவுதான்.

ஆகவே வலி இல்லாவிட்டாலும், முதல் இரண்டு மூன்று நாளைக்கு, டாக்டர் எழுதிய மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். மரப்பு இறங்கும்போது மாத்திரை உடம்பில் தயாராக இருக்கவேண்டும்.

நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2008 முதல், காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம், மூச்சு ஆகிய நான்கோடு ஐந்தாவதாக வலியையும் கேட்டு எழுதும் முறை கொண்டுவரப்பட்டது. சைபரிலிருந்து பத்து வரை எத்தனை என்று நர்சு கேட்பார். சைபர் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. வெட்கப்பட்டோ பயந்தோ குறைத்துச் சொல்லாதீர்கள். படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று பிரித்துச் சொல்லுங்கள். மலாய் தெரியாத முதியவர்கள் விரலைக் காட்டினாலே போதும். நம் தாய்மார்கள் பலர், "பிள்ளை பெத்த வலியைவிடவா இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இதில் பெருமை ஒன்றுமில்லை. வலிக்குப் பயந்து மூச்சை இழுத்துவிடாமல், இருமாமல், அசையாமல் கிடந்தால் சளி கட்டி நுரையீரலில் காய்ச்சல் வரலாம். காலில் இரத்தம் உறையலாம். நடமாட முடிகிற அளவுக்கு வலியை அடக்குவதுதான் சிகிச்சையின் நோக்கம்.

மாத்திரைகளும் எச்சரிக்கைகளும்

பாராசிட்டமோல்: அடிப்படை மருந்து இதுதான். நல்ல எடையுள்ள பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டாக, ஆறு மணிக்கு ஒரு தடவை. ஒரு நாளில் 8 மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் அளவைக் குறைப்பார். பனடோலும் பாராசிட்டமோல்தான். கடையில் வாங்கும் சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. பேரை மாற்றி இரண்டையும் விழுங்கினால் கல்லீரல் கெட்டுவிடும். சம்சு, பீர் குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் குடி அறவே கூடாது.

வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள்: டைக்ளோபெனாக், இபுபுரோபென், பொன்ஸ்தான் போன்றவை. பாராசிட்டமோலோடு சேரும்போது நல்ல பலன் தரும். சாப்பிட்ட பிறகுதான் எடுக்கவேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் உள்ளவர்களும், இம்மாதிரி மாத்திரையால் இளைப்பு ஏறுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்குவது வேண்டாம்.

டிரமடோல்: மேற்சொன்ன இரண்டுக்கும் அடங்காத வலிக்குச் சில நாளுக்கு மட்டும் கொடுப்பார்கள். தலை சுற்றும், குமட்டும், மலச்சிக்கல் வரும். இதைச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

இனிப்பு நீர் வியாதி உள்ளவர்கள் ஒன்று கவனிக்கவும். வாந்தியையும் வலியையும் குறைக்க ஆபரேஷன் சமயத்தில் போடும் ஒரு ஊசி, ஓரிரு நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடலாம். சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறாது.

ஜாமு, பேர் தெரியாத நாட்டு மருந்துத் தூள், பாக்கெட்டில் விற்கும் "வலி மாத்திரை" எதையும் சேர்க்காதீர்கள். சிலவற்றில் சொல்லாமல் கலந்த மருந்துகள் அகப்பட்டிருக்கின்றன. துவாரத்தின் மேல் மஞ்சள் பத்து, தைலம், சாம்பல் எதுவும் வைக்கக்கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

படுக்கையிலிருந்து நேராக எழும்பாமல், முதலில் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை பத்து முறை ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள். ஆபரேஷன் அன்றோ மறுநாளோ, உத்தரவு கிடைத்ததும் மெல்ல நடக்கத் தொடங்குங்கள். தோள்பட்டை வலிக்கு நடையும், துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலும் உதவும். இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடலாம். வீட்டார் கையால் தொட்டுப் பார்த்த பிறகே வைக்கவும்.

முதலில் கஞ்சி, இட்லி, ரொட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தைச் சில வாரம் குறைத்துக்கொண்டு, பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம். தண்ணீரும் பழமும் கீரையும் மலச்சிக்கலைத் தடுக்கும். முக்கினால் துவாரம் வலிக்கும்.

எந்த வலிக்கு உடனே ஓட வேண்டும்?

சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். இதுதான் அளவுகோல். முதல் நாள் ஆறு, இரண்டாம் நாள் நாலு, நாலாம் நாள் இரண்டு என்று இறங்கி வந்தால் பயமில்லை. குறைந்த வலி திரும்ப ஏறினால் அது வேறு சங்கதி. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், மறுநாள் வரை பொறுக்காமல், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்:

1. மாத்திரை சாப்பிட்டும் வயிற்று வலி ஏறிக்கொண்டே போவது, வயிறு உப்பிக் கல் போல் இறுகுவது. உள்ளே பித்த நீர் கசியலாம்.

2. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்.

3. கண் மஞ்சளாவது, சிறுநீர் கருந்தேநீர் நிறமாவது, மலம் வெளுத்துப் போவது.

4. நிற்காத வாந்தி.

5. துவாரத்தில் சிவப்பு, வீக்கம், சீழ், நிற்காத இரத்தம்.

6. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல்.

7. நெஞ்சை அமுக்குவது போன்ற வலி, வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கைக்கோ தாடைக்கோ பாயும் வலி. இதை வாயு வலி என்று நினைத்துவிடக்கூடாது. இருதயமாக இருக்கலாம்.

வேலையும் லீவும்

வலி போய்விட்டால் காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே தோல் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சதைச் சுவர் உறுதிப்பட அதிக நாள் ஆகும். லேசான வீட்டு வேலையை ஒன்று இரண்டு வாரத்தில் செய்யலாம். ஆனால் செம்பனைக் குலை ஒன்று 15, 20 கிலோ, அதற்கு மேலும் இருக்கும். அதைத் தூக்கி வண்டியில் எறிவது, நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி இழுப்பது, நிறைந்த பால் வாளியைச் சுமப்பது, மருந்துத் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு தெளிப்பது, இவற்றுக்கெல்லாம் டாக்டர் சொல்லும் வரை, சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் வரை, பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தொப்புள் துவாரத்தின் வழியாகக் குடல் பிதுங்கி, மறுபடியும் ஆபரேஷன் என்றாகிவிடும்.

"சம்பளம் போகுமே" என்ற கவலை எனக்குத் தெரியும். அந்தக் கவலைதான் பலரை இரண்டாம் வாரமே காட்டுக்கு இழுத்துப் போகிறது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய சிக் லீவு, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரிச் சிகிச்சை தேவைப்பட்டால் 60 நாள். 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, இந்த 60 நாள் சாதாரண சிக் லீவிலிருந்து கழிக்கப்படுவதில்லை. ஆனால் லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே டாக்டரிடம், "நான் குலை வெட்டுகிறவன்", "நான் வாளி சுமக்கிறவள்" என்று வேலையின் தன்மையை விவரமாகச் சொல்லுங்கள். உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கொடுக்கும் எம்.சி. உங்களுக்குப் போதாது. எம்.சி.யின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். லேசு வேலை கொடுக்கும்படி டாக்டர் எழுதியிருந்தால் அதைத் தண்டலிடம் வாயால் சொல்லி விட்டுவிடாமல் ஆபீசில் கொடுங்கள். தகராறு வந்தால் சங்கத்தின் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. துவாரம் போடும் இடத்தில் மரப்பு மருந்து போடுவீர்களா? அது எத்தனை மணி நேரம் தாங்கும்?

2. அது இறங்குவதற்கு முன் எந்த மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும்?

3. நான் ஏற்கெனவே சாப்பிடும் இரத்த அழுத்த, இனிப்பு நீர், இரத்தம் உறையாத மாத்திரைகளை நிறுத்தவேண்டுமா?

4. வீட்டுக்குப் போன பிறகு வலி ஏறினால் எங்கே வரவேண்டும்?

5. எத்தனை நாளுக்கு எடை தூக்கக்கூடாது?

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கேட்பது நோயாளியின் உரிமை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. துவாரம் சின்னதாக இருந்தாலும் உள்ளே ஓர் உறுப்பையே எடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் தண்ணீர் தூக்குவதும், துணி துவைப்பதும், விறகோ கேஸ் தோம்போ நகர்த்துவதும் உங்கள் பொறுப்பு. வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், கண்ணின் நிறத்தைப் பார்ப்பதும், "இன்றைக்கு வலி எத்தனை?" என்று கேட்பதும் உங்களால் ஆகும் வைத்தியம். இந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள். எங்காவது ஒரு லயத்தில் கல்லோடு பயந்து கிடக்கும் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள்.